யாரிடம் ஜூனியராகச் சேர்ப்பது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை, ஒரு கொலை வழக்கில் தினமும் சாட்சி விசாரணை. நேற்றுதான் முடிந்தது. முட்டி வலி அப்படியே இருக்கிறது, மூக்குக் கண்ணாடி மட்டும் மாறியிருக்கிறது.

உன் மகள் சட்டம் முடித்துவிட்டாள் என்று படித்ததும் கையில் தூக்கி வைத்திருந்த குழந்தையா என்று ஒரு நிமிடம் மலைத்துப்போனேன். கிரிமினல் பக்கம்தான் வருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், உன் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்வாயா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "அங்கே இருப்பவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள்?" என்றும். பெற்றவன் கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் இருப்பதே ஐந்து பேர், சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெரியவர். 18 வருடம் அரசுத் தரப்பில் வாதாடியவர். குற்றப்பத்திரிகையைக் கையில் வாங்கினால், தானே எழுதிய கணக்குப் புத்தகம் மாதிரிப் புரட்டுவார். "இந்த நாலாவது சாட்சியை அவர்கள் கூண்டில் ஏற்றவே மாட்டார்கள், பாரேன்" என்பார். அநேகமாக அப்படித்தான் நடக்கும். எதிர்த்தரப்புக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்த மனிதர். அரசுத் தரப்பிலிருந்து இந்தப் பக்கம் வருவது புதிய வழக்கமும் இல்லை. சென்னையில் அரசு வழக்கறிஞர் பதவிக்கு வந்த முதல் இந்தியரான எத்திராஜ், பிற்பாடு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு மேல்முறையீட்டில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் நின்றார். 1947-ல் பாகவதரும் கலைவாணரும் விடுதலையானார்கள். இங்கிலாந்தில் ஒரே பாரிஸ்டர் இந்த வாரம் அரசுக்காகவும் அடுத்த வாரம் எதிரிக்காகவும் வாதாடுவது சர்வசாதாரணம்.

ஆனால் பழைய வேலையின் வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒரு முறை கட்சிக்காரர் ஒருவரை அறையில் உட்கார வைத்து இவர் கேட்ட கேள்விகளில் அந்த ஆள் வெலவெலத்துப் போனார். வெளியே வந்து அவருடைய தாயார் என்னிடம், "இவர் எங்க வக்கீலா, அவங்க வக்கீலா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? அன்றிலிருந்து முதல் சந்திப்புக்கு அவரை நாங்கள் அனுப்புவதில்லை.

அடுத்தவர் காவல் துறையில் புலனாய்வு அதிகாரியாக இருந்து, பணியிலிருந்து விலகி வந்து பதிவு செய்துகொண்டவர். பழைய சகாக்களிடம் இளகிவிடுவார் என்று வெளியே பேச்சு. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு வழக்கில் நாங்கள் எல்லோரும் நாலு முறை படித்துவிட்டு மூடி வைத்த கைப்பற்றுதல் மகஜரை (போலீஸ் பொருளைக் கைப்பற்றிய இடத்திலேயே எழுத வேண்டிய பதிவு) எடுத்து, அதன் தலைப்பில் விரலை வைத்தார். அங்கே வழக்கு எண் எழுதியிருந்தது. மகஜர் எழுதிய நேரம் மாலை 5 மணி. முதல் தகவல் அறிக்கை பதிவானதோ இரவு 8 மணிக்கு. பிறக்காத வழக்குக்கு எண் எங்கிருந்து வந்தது? மொத்தத்தையும் ஸ்டேஷனில் உட்கார்ந்து பிறகு எழுதியிருக்கிறார்கள் என்று வாதாட எங்களுக்கு அந்த ஒரு எண் போதுமாக இருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்த கைக்குத்தான் அது தெரியும்.

அவருக்கும் ஒரு கோளாறு உண்டு. குறுக்கு விசாரணையில் "ஏன்?" என்று கேட்டுவிடுவார். விசாரணை அதிகாரிக்கு முழு உண்மையும் வேண்டும். எதிரியின் வக்கீலுக்கோ, சாட்சி முரண்பட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடத் தெரிய வேண்டும். இவர் "ஏன்" என்று கேட்க, சாட்சி சாவகாசமாக விளக்கம் சொல்லி ஓட்டையை அடைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு தரம் நடந்துவிட்டது. மூன்றாவது தரம் நான் அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

மூன்றாவது, அக்கா. எங்கள் எல்லோருக்கும் அக்காதான். வருடக்கணக்கில் சட்ட உதவி வழக்குகள் மட்டுமே நடத்தியவர். வருகிற கட்சிக்காரர்கள் "இலவச வக்கீலா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு பெரியவரைத் தேடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எங்களில் அதிகமான விசாரணைகளை முழுசாக நடத்தியவர் அவர்தான். சிறையில் போய் உட்கார்ந்தால் முதலில் வழக்கைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?" என்பார். மற்றதெல்லாம் தானாக வரும். ஃபைலில் குறிப்பு எழுதி வைக்க மாட்டார் என்பது ஒன்றுதான் குறை. எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும், நாங்கள் தேடி அலைய வேண்டும்.

கிடியன் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும் நீ. ஃபுளோரிடாவில் வக்கீல் வைக்க வசதியில்லாமல் கோர்ட்டிடம் கேட்டும் மறுக்கப்பட்டு, தானே வாதாடித் தோற்று, 5 வருடத் தண்டனையோடு சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய மனிதர். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அக்கா நிறுத்திச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. மறுவிசாரணைக்கு வெளியூரிலிருந்து வந்த வக்கீல்களை வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர் வக்கீலான டர்னரைக் கேட்டு வாங்கினார் கிடியன். முக்கியச் சாட்சியை டர்னர் கேள்வி கேட்டே ஆட்டம் காண வைத்தார். விடுதலை. அதே குற்றச்சாட்டு, அதே சாட்சி. மாறியது வக்கீல் மட்டும்.

என் கதை உனக்குத் தெரிந்ததுதான். நிலப் பட்டா, பாகப்பிரிவினை என்று சிவிலில் கிடந்தவன். அமெரிக்காவின் பெரிய கிரிமினல் வக்கீலான கிளாரன்ஸ் டாரோவே ரயில்வே கம்பெனி வக்கீலாக இருந்து, 1894-ல் அதை உதறிவிட்டுத் தொழிற்சங்கத் தலைவர் டெப்ஸுக்காக வாதாட வந்தவர் என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. இப்போது பாதி வழக்கில் வங்கிக் கணக்கு அறிக்கை இருப்பதால் எனக்கும் மரியாதை வந்துவிட்டது. ஐந்தாவது ஆள் கல்லூரியிலிருந்து நேராக வந்த பையன், வாய்தா வாங்குவதில் கெட்டிக்காரன்.

சரி, உன் மகள் விஷயம். அனுப்பு. ஆனால் நீ நினைக்கிற மாதிரிப் பெரியவரிடம் முதலில் விட மாட்டேன். முதல் ஆறு மாதம் அக்காவோடு சிறைக்கும் ஜாமீன் மனுவுக்கும் அலையட்டும், குறிப்பையும் அவளே எழுதட்டும், எங்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும். அப்புறம் போலீஸ்காரரிடம் ஃபைல் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். பெரியவரிடம் கடைசியில். அவருடைய தோரணை சின்ன வயதில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, இப்போதே சொல்லிவிடு.

சேருவதற்கு முன் ஒரு நாள் கோர்ட்டுக்கு வரச் சொல். கோட் வேண்டாம். பின்வரிசையில் உட்கார்ந்து மாலை வரை பார்க்கட்டும். அம்மாவின் கண் ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்