கண்ணாடி இருந்த இடத்துல போன் வந்துருச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டில 27 வருஷமா போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். பிலிம் ரோல் போட்டு எடுத்த காலத்துல ஆரம்பிச்சவன், பஸ் பாஸ் போட்டோல இருந்து கல்யாண ஆல்பம் வரைக்கும் இந்த ஊர்ல எத்தனையோ பேரு முகத்த லென்ஸ் வழியா பாத்துருக்கேன். கொஞ்ச நாளா மனசுல கெடந்து உறுத்துற விஷயத்த எழுதணும்னுதான் இந்தக் கடிதம், நீளமா போனா மன்னிக்கணும்.

ஜூன் மாசம் காலேஜ் அட்மிஷன் சீசன்ல ஒரு அம்மா பொண்ணக் கூட்டிட்டு வந்தாங்க, பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி வேணும்னு. பொண்ணு மாஸ்க் போட்டுருந்துச்சு. கொரோனாவெல்லாம் போயி இத்தன வருஷம் ஆச்சு, சளி கிளி பிடிச்சிருக்கும் போலன்னு நெனச்சேன். ஸ்டூல்ல உக்கார வச்சு ரெண்டு லைட்டையும் போட்டு, மாஸ்க்க எடு தாயின்னதும் ரொம்பத் தயங்கித்தான் எடுத்துச்சு. நல்ல களையான முகம். பிரிண்ட் போட்டுக் கைல குடுத்தேன், பாத்துட்டு "இது நான் இல்ல"ன்னு சொல்லுச்சு. அவங்க அம்மா "நீதாண்டி இது, வேற யாரு"ன்னாங்க. உடனே போன எடுத்து ஒரு செல்ஃபியக் காமிச்சு "அங்கிள், இந்த மாதிரி பண்ணித் தாங்க"ன்னு கேக்குது. அதுல தாடை ஒடுங்கி, கண்ணு பெருசாகி, மூக்கு சின்னதாகி, கலர் ரெண்டு மூணு படி ஏறிக் கெடக்கு. இன்ஸ்டால போட்டுருக்க எல்லாமே அப்படித்தான். கூடப் படிக்கப் போற பிள்ளைங்க இப்பவே அதுல ஃபாலோ பண்றாங்களாம், மொத நாள் நேர்ல பாத்தா என்ன நெனப்பாங்கன்னு சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. "வீட்லயும் இப்படித்தான் அண்ணாச்சி, சொந்தக்காரங்க வந்தாக்கூட ரூம விட்டு வெளிய வர மாட்டேங்குறா"ன்னு அந்த அம்மா சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ஏன்னா இதுல எனக்கும் பங்கு இருக்கு. நெகட்டிவ்ல பென்சில் வச்சு பருத்தழும்ப மறைச்சது இந்தக் கைதான். மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புற போட்டோன்னா "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க அண்ணாச்சி"ன்னு கேக்காத வீடு கெடையாது, நானும் ஏத்திக் குடுத்தேன், கம்ப்யூட்டர் வந்ததும் இன்னும் ஈசியா ஏத்துனேன். கேட்டது பெத்தவங்க, செஞ்சது நான், அந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. அது தப்புன்னு இப்ப மனசாரச் சொல்றேன். ஆனா அப்ப ஒரு பொண்ணுக்கு அது வாழ்க்கைல ஒரு தடவ ரெண்டு தடவ நடந்த விஷயம். வீட்டுக்குப் போனா சொவத்துல ஒரு கண்ணாடி இருக்கும், தலை சீவி பொட்டு வைக்கிறப்ப தினம் பாக்குற முகம் அவ முகந்தான். இப்ப அந்தக் கண்ணாடி இருந்த எடத்துல போன் வந்துருச்சு. பல போன்ல முன்பக்க கேமராவத் தொறந்தாலே பியூட்டி மோடு தானா ஆன்ல இருக்கு, நாம எதையும் அமுக்க வேண்டாம், அதுவே தோல வழவழன்னு ஆக்கி வெளுப்பாக்கிக் காட்டும். நாளைக்கு நாப்பது தடவ அதைப் பாக்குற பிள்ளைக்கு அதுதான் தன் முகம்னு பதிஞ்சு போகுது, அப்புறம் நெசமான முகத்தப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு இது நான் இல்லன்னு சொன்னது பொய் இல்லீங்க, அது நெசமாவே அப்படித்தான் நம்புது.

பில்டர் இல்லாம எடுத்தாலும் செல்ஃபி நம்ம முகத்தச் சரியா காட்டாது, இத தொழில்ல இருக்கவன் சொன்னாத்தான் புரியும்னு சொல்றேன். ஸ்டுடியோல நாங்க அஞ்சாறு அடி தள்ளி நின்னு 85 எம்எம் லென்ஸ்ல எடுப்போம். செல்ஃபி கை நீளம் கூட இருக்காது, பல பேரு ஒரு அடிலயே எடுக்குறாங்க, அவ்வளவு கிட்ட வந்தா லென்ஸுக்குப் பக்கத்துல இருக்க மூக்கு பெருசாவும் தள்ளி இருக்க காது சின்னதாவும்தான் விழும். செல்ஃபியக் காமிச்சு மூக்கு பெருசா இருக்கு ஆபரேஷன் பண்ணுங்கன்னு ஆளுங்க வர ஆரம்பிச்சதும் அமெரிக்காவுல டாக்டருங்க இதக் கணக்கே போட்டாங்க. 2018ல வந்த அந்தக் கணக்குப்படி 12 இஞ்ச் தூரத்துல எடுத்தா, 5 அடி தூரத்துல எடுத்தத விட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியும். இன்னொன்னு, எடுக்கும்போது திரையில தெரியறது கண்ணாடி மாதிரி எடம் வலம் மாறுன முகம், சேவ் ஆனதும் பல போன்ல அது திரும்பிரும், வகிடு இந்தப் பக்கம் வந்துரும், பழகாத கண்ணுக்கு மூஞ்சி கோணலாத் தெரியும். கோணலும் இல்ல ஒண்ணும் இல்ல, மத்தவங்க நம்மள எப்பவும் பாக்குறதே அப்படித்தான்.

அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு இத வாயால சொல்லாம செஞ்சே காமிச்சேன். அதோட போன்ல பியூட்டிய ஆஃப் பண்ணிட்டு ஒரு அடி தள்ளி ஒரு படம், அப்புறம் என் கேமரால ஆறு அடி தள்ளி ஒரு படம், ரெண்டையும் மானிட்டர்ல பக்கத்துல பக்கத்துல போட்டேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "மூக்கு மாறுது அங்கிள்"னுச்சு. கடைசில டச்சப் பண்ணாத எட்டு காப்பியத்தான் வாங்கிட்டுப் போச்சு. ஆனா படி எறங்குறதுக்கு முன்னாடி மாஸ்க்க திரும்ப மாட்டிக்கிருச்சு. வருஷக்கணக்கா ஏறுன விஷயம் பத்து நிமிஷத்துல எறங்கிருமா என்ன.

இன்ஸ்டாகிராம நடத்துற மெட்டா (முன்னாடி பேஸ்புக்னு பேரு) கம்பெனிக்காரங்களுக்கு இது தெரியாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். 2021ல அங்க வேல பாத்த பிரான்சஸ் ஹாகன்ங்கற அம்மா வெளிய கொண்டுவந்த காகிதங்கள்ல அந்தக் கம்பெனியே எடுத்த சர்வே இருந்துச்சு, உடம்பப் பத்தி மனசு சரியில்லாம இருந்தப்ப இன்ஸ்டாகிராம் அத இன்னும் மோசமாக்குச்சுன்னு டீன் ஏஜ் பொண்ணுங்கள்ல 32 சதவீதம் பேரு சொல்லிருக்காங்க. 2025 ஜனவரில இன்ஸ்டால வெளியாளுங்க செஞ்ச பில்டர எல்லாம் தூக்கிட்டாங்கன்னதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, ஆனா கம்பெனி சொந்தமா செஞ்ச பில்டர் அப்படியேதான் இருக்கு, முகத்த மாத்துற ஆப்பும் ஆயிரம் இருக்கு.

இந்தக் கலர் பைத்தியம் போனோட நின்னாலாவது பரவாயில்ல. பக்கத்துல கேரளாவுல மலப்புறம் மாவட்டத்துல 2021ல இருந்து 2023க்குள்ள கிட்னி பாதிச்சு வந்தவங்கள்ல ஒரே மாதிரி அபூர்வமான வகை 15 பேருக்கு இருந்துச்சு, விசாரிச்சா அதுல 13 பேரு முகத்துக்கு வெளுப்பு கிரீம் பூசுனவங்க. இந்த மாதிரி கிரீம்ல பாதரசம் கலக்குறாங்க, அது தோல் வழியா உள்ள எறங்கி கிட்னியக் கெடுக்குது. ரீல்ஸ்ல ஏழே நாள்ல வெளுப்புன்னு வர்ற லேபிள் இல்லாத டப்பாவ எங்க தெருப் பிள்ளைங்களும் ஆன்லைன்ல வரவழைக்குதுங்க. பசங்க மட்டும் என்ன, வீடியோ பாத்துட்டு மூணு மாசத்துல அந்த உடம்பு வரணும்னு ஜிம்முல யாரோ குடுக்குற ஊசியப் போட்டுக்கிறாங்க, அதுக்கே தனிக் கடிதம் எழுதலாம்.

நான் கேக்குறது பெரிய விஷயம் இல்ல. பியூட்டி மோடு ஆஃப்லயே இருக்கணும், வேணுங்கிறவங்க தேடிப்போய் ஆன் பண்ணிக்கட்டும். 2020ல கூகுள் அதோட பிக்சல் போன்ல இத ஆஃப்ல வச்சுத்தான் குடுப்போம்னுச்சு, பியூட்டிங்கற வார்த்தையக்கூட எடுத்துருச்சு, அப்ப மத்தவங்களாலயும் முடியும்தானே. அழகுன்னு பேரு வச்சா, அது இல்லாத முகம் என்னன்னுதான் பிள்ளை நெனைக்கும்? நார்வேல 2022ல இருந்து விளம்பரப் படத்துல உடம்பையோ தோலையோ திருத்தியிருந்தா அது திருத்துன படம்னு போட்டே ஆகணும்னு சட்டம் இருக்கு, நம்ம சர்க்காரும் அப்படி ஒண்ணு கொண்டு வரணும்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் ஐயா. உங்க அட்டைப்படத்துல வர்ற பொண்ணுங்க தோல்ல ஒரு மயிர்க்கால் கூடத் தெரியறதில்ல, டச்சப் பண்றவனுக்கு அது பாத்ததும் தெரிஞ்சிரும். ஒரே ஒரு இதழாவது திருத்தாம போடுங்க, மாநிறமா, பரு தழும்போட, சிரிச்சா சுருங்குற கண்ணோட. உள்பக்கத்துல வர்ற வெளுப்பு கிரீம் விளம்பரத்தையும் நிறுத்துனா கோடிப் புண்ணியம்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. இன்னைக்கே பிள்ளையப் பக்கத்துல உக்கார வச்சு போன்ல கேமராவத் தொறந்து முன்பக்கத்துக்கு மாத்துங்க. ஓரத்துல ஒரு முகம் மாதிரியோ மந்திரக்கோல் மாதிரியோ சின்னப் படம் இருக்கும், அதத் தொட்டா பியூட்டி அளவு வரும், எல்லாத்தையும் ஜீரோல வச்சிருங்க. புரியலன்னா பக்கத்துல இருக்க எந்த ஸ்டுடியோக்காரர்கிட்ட கேட்டாலும் செஞ்சு குடுப்பாரு, எங்க ஊர்க்காரங்க என் கடைக்கு வாங்க, அதுக்கு நான் காசு வாங்குறதில்ல.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்தும் ஒரு வாசகன்,
கோவில்பட்டி