எந்த வயரை நீளமாக இழுப்பது?

குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் ஒரு மாதத்துக்காவது சால்டரிங் இரும்பைத் தொடாதே, அந்தப் புகை கண்ணுக்கு ஆகாது. இங்கே மழை விட்டபாடில்லை. காலை பத்து மணிக்கும் எதிர்வீட்டுக் கூரை தெரியாத மூட்டம். பசுந்தேயிலை விலையைப் பற்றிக் கேட்காதே, பறிகூலி கொடுத்ததும் கை காலி.

பதில் எழுதத் தாமதமானதற்கு ஒரு வேலை காரணம். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் சுற்றுலா வருபவர்களை உள்ளே விட்டுக் காட்டுகிறார்கள். ஒரு பையன் கத்திக் கத்தி விளக்கம் சொல்லி, தொண்டை கட்டிப்போய் வேலையையே விட்டுவிட்டான். முதலாளி ஆடியோ ஷோ கன்ட்ரோலர் ஒன்று வாங்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு மெமரி கார்டு. எட்டுப் பட்டன் மாட்டலாம், எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதற்குரிய பேச்சு ஓடும். நம் காலத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேடைக்கு அடியில் உட்கார்ந்திருப்போமே, அந்த வேலையை இது செய்கிறது.

அவர் போன் செய்தார். “அண்ணே, பெட்டி வந்தாச்சு, ஸ்பீக்கரும் வாங்கியாச்சு, மாட்டினா சத்தமே வரல.” போய்ப் பார்த்தால், பெட்டியின் பின்னாலிருக்கும், சிக்னல் மட்டும் வெளிவரும் ஆர்.சி.ஏ. பின்னிலிருந்து நேராக ஸ்பீக்கருக்கே வயர் போகிறது! காதை ஒட்டிவைத்தால் கொசு மாதிரி ஏதோ கேட்கிறது. அதிலிருந்து வருவது சுமார் ஒரு வோல்ட் சிக்னல், அவ்வளவுதான். 8 ஓம் ஸ்பீக்கரில் 20 வாட் சத்தம் வேண்டுமென்றால் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் வேண்டும், ஒன்றரை ஆம்பியர் கரன்ட் ஓட வேண்டும். இந்தப் பெட்டி திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவன் மாதிரி. தொண்டை, சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்புக்குத்தான் (ஆம்ப்ளிஃபயர்) என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

பேச்சு இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். ஒன்று மாடியில் இலை வாட்டும் கூடம். மற்றொன்று கீழே, சரிவில், ரயில் விசில் கேட்கிற வியூ பாயின்ட். அங்கே மலை ரயில் கதை ஓடும், 1899-ல் குன்னூர் வரை வந்தது, 1908-ல் ஊட்டி போனது என்று. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. மெஷின் ஓடும் அறையிலும் ஸ்பீக்கர் வேண்டும் என்றார். மறுத்துவிட்டேன். அந்த இரைச்சலோடு போட்டி போட்டால் காதுதான் போகும். அதன் கதையையும் மாடியிலேயே சொல்லி முடித்துவிட்டு உள்ளே அனுப்பச் சொன்னேன்.

பெட்டியில் இடது, வலது என்று இரண்டு அவுட்புட். மாடிப் பேச்சை இடதில் மட்டும், கீழ்ப் பேச்சை வலதில் மட்டும் பதிந்துவிட்டால் ஒரே பெட்டியில் இரண்டு இடம் ஆயிற்று. கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் என்பதால் இடது அவுட்புட்டை இரண்டாகப் பிரித்து ஆம்பின் இரண்டு சேனலுக்கும் கொடுத்தேன். ஒன்றை இரண்டாகப் பிரிப்பதில் தொந்தரவில்லை. இரண்டு அவுட்புட்டை ஒன்றாக முறுக்குவதுதான் தப்பு, ஒன்றையொன்று தள்ளும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவன் அடுத்துச் செய்த காரியத்தைக் கேள். வயர் மிச்சம் பிடிக்க, இரண்டு பாக்ஸுக்கும் மைனஸை ஒரே வயராக இழுத்தேன். அந்தக் காலத்தில் எத்தனை கல்யாண வீட்டில் செய்திருக்கிறோம்! ஆனால் இது புது டிஜிட்டல் ஆம்ப். இந்த மாதிரி ஆம்பில் பெரும்பாலும் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே சிக்னல் உண்டு. மைனஸ் என்பது எர்த் கிடையாது. முதல் தடவை தானாகவே அணைந்தது. நான் விடாமல் மறுபடி போட்டேன். கருகல் நெடி வந்தது, ஆம்ப் போயிற்று. புது ஆம்ப் என் கைக்காசு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அப்புறம் கீழ்ப் பக்கம். மேலே ஆபீஸிலிருந்து 120 மீட்டர். எந்த வயரை நீளமாக இழுப்பது என்பதுதான் கேள்வி. முதலில் ஆம்பைக் கீழே வைத்து, ஷீல்டு வயரில் (சிக்னல் கம்பியைச் சுற்றி எர்த்துக்கான வலை போட்டது) சிக்னலை அனுப்பினேன். மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே உறுமல். மேலே ஓர் எர்த், கீழே ஓர் எர்த், நடுவே ஷீல்டு. உறுமாமல் என்ன செய்யும்? சிக்னலை இரண்டு கம்பியில் எதிரெதிராக அனுப்பி, வழியில் சேரும் உறுமலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு அவுட்புட்டாக இருந்தால் தாங்கியிருக்கும், இந்தப் பெட்டியில் அது இல்லை. ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றான் எலக்ட்ரீஷியன் பையன். திட்டி அனுப்பினேன். ஈரத் தரையில் நின்று ஆம்பைத் தொடுகிறவன் உயிர் என்ன ஆகும்?

சரி, ஆம்பை மேலேயே வைத்து ஸ்பீக்கர் வயரை நீளமாக விடலாம் என்று கணக்குப் போட்டேன். 1 சதுர மி.மீ. செம்பு வயர், போக வர 240 மீட்டர், 4 ஓமுக்கு மேல் வருகிறது. ஸ்பீக்கர்களைச் சேர்த்தால் அதுவும் 4 ஓம்தான். பாதிக்கு மேல் வயரிலேயே சூடாகப் போய்விடும்.

கடைசியில் நம் பழைய வழிதான் கைகொடுத்தது. 100 வோல்ட் லைன்! வோல்ட்டை ஏற்றி, கரன்ட்டைக் குறைத்து அனுப்பி, ஸ்பீக்கரிடம் இறக்கிக்கொள்வது. திருவிழாவுக்குத் தெருத்தெருவாகக் குழாய் கட்டிய அதே முறை. ஆம்பை அந்த கன்ட்ரோலர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன், ஆர்.சி.ஏ. வயர் ஒரு முழம்தான். கீழே நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் வோல்ட்டை இறக்கும் எல்.எம்.டி. (லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர்), அதில் பத்து வாட்டுக்கான இணைப்பு, அதாவது டேப். மொத்தம் 40 வாட் என்றால் லைனுக்கு 250 ஓம். அதன் முன்னால் வயரின் 4 ஓம் எம்மாத்திரம்? நூற்றில் இரண்டுகூட வீணாகவில்லை. ஆனால் 100 வோல்ட் ஷாக் அடிக்கும் சமாச்சாரம். அதனால் பைப்புக்குள் விட்டு மண்ணில் புதைத்தேன். மேலே தொங்கவிட்டால் காட்டெருமை கொம்பில் மாட்டி இழுத்துப்போகும் என்ற பயமும்தான்.

பெட்டியில் சத்தத்தை நன்றாக ஏற்றிவைத்து, ஆம்பில் குறைத்துவைத்திருக்கிறேன். இரைச்சல் அடங்கிவிட்டது. ஆன் செய்யும்போது பெட்டி முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றினால் ‘டொப்’ என்று ஸ்பீக்கர் அதிரும். வாட்ச்மேன் இரண்டு நாளில் பழகிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பட்டனை விடாமல் குத்துகிறார்கள். ஒரு பேச்சு முடியும்வரை அடுத்த பட்டனைக் கண்டுகொள்ளாதே என்று பெட்டியில் செட் செய்துவிட்டேன்.

ஒரு உதவி. நான்கு எல்.எம்.டி.யில் ஒன்று ஈரத்தில் களிம்பேறி மக்கர் செய்கிறது. உன் பரணில் பழையது கிடக்கும், எனக்குத் தெரியும், நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. நீ ஏணியில் ஏறாதே, மகனை எடுக்கச் சொல். மேட்டுப்பாளையம் வரை யார் கையிலாவது கொடுத்துவிடு, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். 10 வாட் டேப் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய மைக்செட் கூட்டாளி