எங்கள் நடைச் சங்கத்தின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அறிக்கையைத் தொடங்கும் முன் இன்று நம்மோடு இல்லாத ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் செப்டம்பரில் காலமானார். குறிஞ்சி பூத்த ஆண்டுகளை வைத்தே அவர் தம் வாழ்க்கையைக் கணக்கிடுவார். 1970இல் பள்ளி மாணவன், 1982இல் மணமான புதிது, 1994இல் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, 2006இல் மகளே கைபிடித்து அழைத்துப்போக, 2018இல் நம் சங்கத்தோடு என்று ஐந்து முறை கொடைக்கானல் மலையில் குறிஞ்சியைப் பார்த்தவர். 2030க்கு வேனில் தமக்கு ஓர் இடம் பிடித்து வைக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார். அவருடைய கைத்தடியைக் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நடைக்கு வரும் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

இந்த ஆண்டில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு நடையாகப் பத்து நடைகள் நடந்தன. கத்திரி வெயிலால் மே மாதம் வழக்கம்போல் விடுமுறை. அக்டோபர் நடையைக் கடைசி ஞாயிறுக்குத் தள்ளி வைத்திருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்பு, 25ஆம் தேதி மதுரையில் கொட்டித் தீர்த்த மழையில் நம் உறுப்பினர்கள் சிலரின் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்கு நடைக்குப் போவது முறையாக இருந்திருக்காது. வீடுகளைக் கழுவிவிடப் போன இளைஞர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

ஆகஸ்டில் கொடைக்கானல் ஒருநாள் பயணம் நல்லபடியாக முடிந்தது. மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால் முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். கோக்கர்ஸ் வாக் முழுக்க மேகம். பள்ளத்தாக்கு கண்ணில் படவே இல்லை. ஏரியைச் சுற்றும் ஐந்து கிலோமீட்டர் நடையில்தான் மனம் ஆறியது. செப்டம்பரில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலை நடை. திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய அந்தக் குளத்தின் நான்கு கரையையும் நிதானமாகச் சுற்றிவருவதில் கிடைக்கும் நிறைவு, மணிக்கணக்கில் வண்டியில் போய்ப் பார்க்கும் பல இடங்களில் எனக்குக் கிடைத்ததில்லை. நவம்பரில் ஒத்தக்கடை யானைமலை. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலை, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி தொடங்கினான். அதை முடிக்கும் முன்பே அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆண்டு கி.பி. 770. அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த செய்தியைக் கேட்டதும் நம் உறுப்பினர் ஒருவர் கண் கலங்கினார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி, மேலூர்ப் பக்கத்து மலைக் கிராமமான அரிட்டாபட்டி. இந்த ஆண்டு அங்கே மூன்று முறை போனோம். ஒரே இடத்துக்கு எத்தனை முறை போவது என்று சில உறுப்பினர்கள் குறைப்பட்டுக்கொண்டது என் காதுக்கு வந்தது. பொதுக்குழுவில் அதற்குப் பதில் சொல்வது என் கடமை.

முதல் முறை ஜூலையில் போனபோது எல்லோரையும் போலத்தான் பார்த்தோம். கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து, பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர், மலையின் மறுபக்கத்தில் பாண்டியர் காலச் சிவன் குடைவரை, அதன் வாசலில் சிவனின் வடிவமான இலகுலீசரின் சிற்பம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்த இடம் அது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஊர் இளைஞர் ஒருவர் கூட வந்து, பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்த லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவையைக் காட்டினார். படம் எடுத்துக்கொண்டு, பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

நவம்பரில் செய்தி வந்தது. அந்த மலைகளையும் மேலூர் வட்டாரக் கிராமங்களையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போய்விட்டது என்றார்கள். டிசம்பர் நடைக்கு வேறு இடம் குறித்திருந்தோம். அதை மாற்றி மறுபடியும் அரிட்டாபட்டிக்குப் போனோம். அந்த முறை யாரும் படம் எடுக்கவில்லை. ஜூலையில் வல்லூறைக் காட்டிய அதே இளைஞர் எங்களைக் கண்மாய் கண்மாயாக அழைத்துப்போனார். எந்த மலைச்சரிவின் தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு இறங்குகிறது, அது நிறைந்தால் மறுகால் எங்கே போகிறது, கடைசியில் யாருடைய வயலில் நெல்லாகிறது என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். முதல் முறை நாங்கள் பார்த்தது மலையை. அந்த மலை ஊருக்குத் தண்ணீர் கொடுப்பதை இரண்டாம் முறைதான் கண்டோம்.

மறுநாள், டிசம்பர் 9 அன்று, சட்டமன்றம் சுரங்க உரிமையை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை பேரணியாக நடந்து வந்தார்கள். பெண்கள், பிள்ளைகள், எண்பதைக் கடந்த பெரியவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். நம் சங்கம் அரசியல் சார்பற்றது என்பது விதி. ஆகவே சங்கத்தின் பெயரில் யாரும் போகவில்லை. ஆனால் நம்மில் இருபதுக்கும் மேற்பட்டோர் தனித்தனியாகப் போய் அவர்களோடு நடந்தோம். நான் இந்தச் சங்கத்தில் எத்தனையோ கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். அந்த நெடுஞ்சாலை நடைக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பிப்ரவரி நடைக்கு மூன்றாம் முறையாக அரிட்டாபட்டிக்குப் போனபோது ஊர்ப் பெண்கள் எங்களுக்குப் பானகம் கொடுத்தார்கள். எங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது. குறைப்பட்டுக்கொண்ட உறுப்பினர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்: ஒரே ஒரு முறை போயிருந்தால் நாம் அந்த ஊருக்கு யாரோ எவரோ.

வெளிநாட்டுப் பயணமாகப் பிப்ரவரி மூன்றாம் வாரம் இலங்கைக்குப் போனோம். பதினெட்டுப் பேர், ஐந்து நாள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். நுவரெலியாவில் தங்கி, விடியும் முன்பே புறப்பட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். வாயிலில் பைகளைச் சோதித்து, பிஸ்கட் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூட அகற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நம் மலைகளிலும் இந்தக் கண்டிப்பு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் சுற்று நடை. புல்வெளியில் பனி, அங்கங்கே சிவந்து பூத்த காட்டுப்பூவரசு, நம்மைக் கண்டு நகராமல் நின்ற கடமான்கள். உலக முடிவு என்று அவர்கள் சொல்லும் செங்குத்துப் பாறையின் விளிம்புக்குக் காலை எட்டரைக்கெல்லாம் சேர்ந்துவிட்டோம். அரை மணி நேரம் கழிந்திருக்கும், மேகம் ஏறிப் பள்ளத்தை மூடிவிட்டது. எழுபத்தொரு வயது உறுப்பினர் ஒருவரும் முழுச் சுற்றையும் தம் காலாலேயே முடித்தார்.

நானுஓயாவிலிருந்து அப்புத்தளை போகும் ரயிலில் முன்பதிவு இருக்கை வாங்கித் தருவதாகப் பணம் பெற்றுக்கொண்ட பயண முகவர் அதைச் செய்யவில்லை. வயதானவர்களும் நெரிசலில் நின்றபடியே வர நேர்ந்தது. இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையத்தை ஒருவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததோடு சரி. பணத்தைத் திரும்பப் பெற்று உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். இனி டிக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற உச்சிவரை ஏழு கிலோமீட்டர் ஏற்றம். பெரும்பாலோர் ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். நாங்கள் நடந்தோம். நடந்ததால்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார்கள் எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டார்கள். மதுரை என்றதும், கூடையோடு நின்ற ஒரு மூத்த அம்மா, தம் பாட்டனாரின் ஊர் துறையூர்ப் பக்கம் என்றார். அந்த ஊரில் யாரைத் தெரியும் என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். யாரையும் தெரியாது, ஊர்ப் பெயர் மட்டும் தெரியும் என்றார். பிறகு மலைச்சரிவில் கீழே தெரிந்த லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, காட்டி, தாம் பிறந்ததும் அங்கேதான், தம் பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான் என்றார்.

அன்று மாலை விடுதியில் நம் உறுப்பினரான ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை எங்களை உட்காரவைத்துச் சொன்னது எல்லோரும் கேட்க வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், ஆள் சேர்த்துக் கொடுத்த கங்காணிகள் நம் மாவட்டங்களிலிருந்து மக்களைக் கூட்டிப் போனார்கள். படகில் மன்னார்க் கரைக்குப் போய் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களின் வழிவந்தவர்கள், இலங்கையின் மலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து அதே வழியில் நடக்கத் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடித்தார்கள். காலையில் நாங்கள் அழகு அழகு என்று பார்த்துக்கொண்டே ஏறிய பச்சைச் சரிவுகள், அப்படி நடந்து வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கியவை. அன்று இரவு சாப்பாட்டின்போது அதிகம் பேச்சில்லை.

கடைசி நாள் கொழும்பு அருங்காட்சியகத்தில், தென்னிலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தோம். சீனக் கடலோடி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்து நிறுவியது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியிலும் காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு உரியது. எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் நம்மவர்கள் அதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார்கள்.

மார்ச் நடையில் நேர்ந்த விபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழக்குயில்குடி சமணர்மலை. செட்டிப்புடவு என்ற குகையில், சிங்கத்தின் மீதமர்ந்து யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, தாமரைக் குளத்துக்கு வந்து, பேச்சிப்பள்ளம் ஏறினோம். அங்கே வரிசையாக நிற்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் இருக்கின்றன. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் உண்டு. இறங்கும்போது நம் சகோதரி ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. காலை ஐந்தரைக்குப் புறப்பட வேண்டிய நடையை, தாமதமாக வந்த சிலருக்காக ஏழரை வரை நான் நிறுத்தி வைத்தேன். இறங்கும் நேரத்தில் பாறை கொதித்தது, அவர் அவசரமாகக் கால் வைத்தார். பொறுப்பு என்னுடையது. அந்தச் சகோதரியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மறைந்த பெரியவரின் கைத்தடியை ஊன்றி, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இறங்கினார். இப்போது நலமாக இருக்கிறார். இனி ஐந்தே முக்காலுக்கு மேல் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். முதலுதவிப் பெட்டியும் வாங்கிவிட்டோம். மலை மேலே உடைந்து கிடந்த மது பாட்டில் சில்லுகளை ஒன்றரைச் சாக்கு அள்ளி வந்தோம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பெயர் நிலைத்திருக்கும் பாறையில் பாட்டிலை உடைக்க எப்படி மனம் வருகிறதோ, எனக்கு ஆறவே இல்லை.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக: 84 உறுப்பினர்களின் சந்தா, தலைக்கு 600 ரூபாய் வீதம் 50,400. மாத நடைகளுக்கு வேன் வாடகை 21,600, ஊர் வழிகாட்டிகளுக்குப் பத்து நடைக்கும் ஆயிரம் வீதம் 10,000, முதலுதவிப் பெட்டி 3,850, அச்சுச் செலவு 2,400. மீதம் 12,550. முன்னிருப்பு 18,200 சேர்த்துக் கையிருப்பு 30,750 ரூபாய். கொடைக்கானல், இலங்கைப் பயணச் செலவுகளைப் போனவர்களே பகிர்ந்துகொண்டார்கள். ஊர் வழிகாட்டிகளுக்குக் கொடுக்கும் தொகையை 1,500 ஆக உயர்த்தும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். மலையைச் சொல்லித் தருபவருக்கு அது கூலி அல்ல, மரியாதை.

வரும் ஆண்டு வெளிநாட்டுப் பயணத்துக்குச் செயற்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று சிங்கப்பூரின் தெற்கு முகட்டு நடைபாதை. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், பாலங்களும் நிழலுமாக மூத்தவர்களுக்கு எளிது. மற்றது மீண்டும் மலையகம், இந்த முறை மாத்தளையிலிருந்து தொடங்கி. என் வாக்கு மாத்தளைக்கு. பெரும்பான்மை எதுவோ அதன்படி ஏற்பாடு செய்கிறேன்.

அடுத்த நடை ஏப்ரல் 13, ஞாயிறு. மீண்டும் சமணர்மலை. காலை ஐந்தரைக்குக் கீழக்குயில்குடி ஐயனார் கோயில் ஆலமரத்தடியில் கூடுவோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், கண்ணாடிச் சில்லு அள்ள ஒரு சாக்கும் கையுறையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்