விலாசம் இல்லாத கட்டம்

செட்டிநாட்டுக் கடைக்காரர்களுக்கும், விடுதி நடத்துவோருக்கும், கோயில் திருப்பணிக் குழுவினருக்கும், என்னைப் போன்ற அச்சகத்தாருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் பதினெட்டு ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் பேனர், கடைப் பலகை என்று எதற்கு வந்தாலும் இப்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடு போட்டுவிடுங்கள்.” நானும் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தேன். சென்ற மாதம் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியின் பலகாரக் கடை வாசலில் பார்த்ததற்குப் பிறகு, என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பலகை நான் அச்சடித்ததுதான். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் எல்லாவற்றுக்கும் படம். வலது ஓரத்தில் விலைப்பட்டியலைத் திறக்கும் க்யூஆர் கோடு. செட்டிநாட்டுப் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்த சென்னைக் குடும்பம் ஒன்று அதை ஸ்கேன் செய்து, திறந்த பக்கத்தில் பலகாரம் ஆர்டர் செய்து, முன்பணமும் கட்டிவிட்டு, மாலையில் வந்து பெட்டி எங்கே என்று கேட்டிருக்கிறது. ஆச்சி போனில் ஆர்டர் வாங்குவதே இல்லை. பதறிப்போய் என்னை அழைத்தார்.

பலகையைக் கையால் தடவினேன். கோட்டின் கீழ் மூலையில் நகம் இடறியது. மெல்ல உரித்தேன். மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டிய ஸ்டிக்கர். அதற்கு அடியில் என்னுடைய கட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒற்றெழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிக்கிற கண் இது. ஆனால் எது நான் போட்டது, எது திருடன் போட்டது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆச்சி அந்தக் குடும்பத்துக்குக் கேட்ட பலகாரத்தைக் கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. “என் வாசலில் ஏமாந்தார்கள். பேர் என்னுடையதுதானே” என்றார்.

நான் சொல்ல வருவதும் அதுதான். எங்கே பார்த்தாலும் “ஸ்கேன் செய்யும் முன் கவனியுங்கள்” என்று வாடிக்கையாளருக்குத்தான் புத்தி சொல்கிறார்கள். எதைக் கவனிப்பது? மனிதக் கண்ணால் படிக்க முடியாத ஒன்றை நடுத்தெருவில் வைத்துவிட்டு, பார்த்து நட என்பது நியாயமா? வைத்தவர்தான் காவல் காக்க வேண்டும்.

இந்தக் கோடு தெருவுக்காகப் பிறந்ததே அல்ல. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம், தொழிற்சாலைக்குள் வாகன உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது. அந்தச் சுவர்களுக்குள் யாரும் பொய்க் கட்டம் ஒட்டப் போவதில்லை. காப்புரிமை இருந்தும் அந்த நிறுவனம் அதை வற்புறுத்தாததால் உலகம் முழுக்கப் பரவியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக, அரை நிமிடத்தில் ஒன்றைத் தயாரிக்கலாம். தயாரித்தவர் யார் என்று அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகாது. ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார், பணத்தைத் தாளில் எழுதி அனுப்பியவர்கள். உண்டியல் என்ற அந்தப் பணச்சீட்டில் கடையின் விலாசம் இருக்கும், எழுதியவரின் கையெழுத்து இருக்கும். அவை இல்லாத தாளை நீட்டினால் கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையன்கூடத் திருப்பிக் கொடுத்திருப்பான். அப்படிப்பட்டவர்களின் ஊரில்தான் இன்று விலாசமே இல்லாத கட்டத்தைச் சுவருக்குச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

பணம் வாங்கும் கோட்டைவிட விளம்பரக் கோடு மோசம் என்று நினைக்கிறேன். கல்லாவில் இருக்கும் கோட்டை யாராவது மாற்றினால், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி பேசாது. இரண்டாவது வாடிக்கையாளரிலேயே தெரிந்துவிடும். விளம்பரப் பலகையில் மாற்றினால் சொல்ல ஆளே இல்லை. ஏமாந்தவர் மதுரை தாண்டிப் போயிருப்பார். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2022 ஜனவரியில், கார் நிறுத்தக் கட்டணம் வாங்கும் இருபதுக்கும் மேற்பட்ட இயந்திரங்களில் பொய்க் கோடு ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்த இயந்திரங்களுக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. இருந்தும் மக்கள் நம்பினார்கள், ஏனென்றால் கட்டம் நகராட்சியின் இயந்திரத்தில் இருந்தது. அதே மாதம் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் மாற்றி ஒட்டப்படும் கோடுகளைப் பற்றி எச்சரித்தது.

திருடன் வராமலேயே கெடுகிற வழியும் உண்டு. அதில் என் கையும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழில், ஓர் இணையதளம் இலவசமாகத் தந்த கோட்டைப் போட்டேன். அது கோயில் பக்கத்துக்கு நேராகப் போகாது. முதலில் அந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்து கோயில் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படும். இலவசக் காலம் முடிந்ததும் திசை மாறிவிட்டது. இன்று அதே கட்டம் சூதாட்ட விளம்பரத்தைத் திறக்கிறது. அந்த அழைப்பிதழ் எத்தனை வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறதோ, நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது. பெரிய நிறுவனமும் இதில் தப்பவில்லை. ஹெய்ன்ஸ் தக்காளிச் சாஸ் பாட்டிலில் இருந்த கோடு, போட்டி முடிந்து இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டதால், 2015-இல் ஜெர்மனியில் ஒருவரை ஆபாசத் தளத்துக்குக் கொண்டுபோனது. போட்டி முடிந்தது, பாட்டில் அலமாரியிலேயே இருந்தது.

ஆகவே கடைக்காரர்களை மன்றாடிக் கேட்கிறேன். கட்டத்துக்குக் கீழே அது திறக்கும் இணைய முகவரியை முழுதாக, சுருக்காமல், பெரிய எழுத்தில் போடுங்கள். போனில் வேறு முகவரி தெரிந்தால் வந்தவர் அங்கேயே நிற்பார். அந்த முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். பலகை தொங்கும் வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். விலைப்பட்டியலைக் காட்டும் கோட்டில் பணமோ ஓடிபியோ கேட்க மாட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். செயலியைத் தரவிறக்கச் சொல்லும் கோட்டை வைக்கவே வைக்காதீர்கள். திருட்டுச் செயலியும் அந்த வழியில்தான் வருகிறது.

திருப்பணிக் குழுவினரே, நன்கொடைக் கோட்டைத் தெருமுனை ஃபிளெக்ஸில் போட வேண்டாம். அலுவலக மேசையில், கண்ணாடிக்கு அடியில், ஆள் பார்வையில் இருக்கட்டும். வங்கிக் கணக்கின் பெயரைப் பக்கத்திலேயே தமிழில் எழுதிவையுங்கள். பணம் போகும் முன் போனில் தெரியும் பெயரோடு பக்தர் ஒத்துப் பார்க்கட்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை என்பதையும் அங்கேயே எழுதுங்கள். பரிசு விழுந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள் என்று கேட்டுத்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் கை மாறும் முன் முடக்கினால்தான் மீளும்.

அச்சகத்துத் தோழர்களே, கோடு கேட்டு வருபவரிடம் இது எங்கே போகிறது, எத்தனை நாளுக்கு, விழா முடிந்தால் யார் இறக்குவார்கள் என்று கேட்ட பிறகே அச்சடிப்போம். என்னிடம் பலகை அடித்தவர்கள் கொண்டுவாருங்கள். முகவரியோடு புதிதாக அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

ஆச்சியின் பலகையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது கட்டத்துக்குக் கீழே கடையின் விலாசம் இருக்கிறது. காலையில் கோலம் போட்டு முடித்ததும், அந்தக் கட்டத்தின் நான்கு மூலையையும் ஆச்சி விரலால் தடவிப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
காரைக்குடி அச்சகத்துக்காரன்