வாய்மொழித் தேர்வுக்கு முன் யாழினிக்கு

அன்புள்ள யாழினி,

ஜப்பானிய வாய்மொழித் தேர்வில் ஏன் இவ்வளவு திக்குகிறது என்று கேட்டிருந்தாய். உனக்குச் சொற்கள் போதாமல் இல்லை. வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் கட்டிவிட்டு, அப்புறம் அதை முன்பின்னாகத் திருப்பிப் போடுகிறாய். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பழக்கிவிட்ட வழி அது. ஜப்பானிய மொழிக்கு அது வீண் சுற்று. வீட்டில் பேசும் தமிழிலிருந்து கிளம்பினால் திருப்ப வேண்டிய வேலையே இல்லை.

"நேற்று வாங்கிய புத்தகத்தைப் படித்துவிட்டேன்." வரிசை மாற்றாமல் அப்படியே வைத்துப் பார்: கினோ, கத்த, ஹொன், ஒ, யொந்தெ, ஷிமத்த. நேற்று, வாங்கிய, புத்தகம், ஐ, படித்து, விட்டேன். உன் வகுப்பில் மற்றவர்கள் முட்டி மோதிக் கற்கும் 'தெ' வடிவம் நம் வினையெச்சம்தான். தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது, கத்தெ ஒகு வாங்கி வைப்பது, கத்தெ குரு வாங்கி வருவது. மிரு, ஒகு, குரு மூன்றும் தனியாக நின்றாலும் பார்ப்பது, வைப்பது, வருவதுதான். 'தொ இத்த' நம் 'என்று சொன்னார்'. தினமும் பத்து வாக்கியம் போதும். வீட்டுத் தமிழில் வாய்விட்டுச் சொல், உடனே ஜப்பானியத்தில் சொல். எழுதிக்கொள்ளாதே, எழுதினால் கண் வேலை செய்யும், வாய் தூங்கும். சொல்லத் தொடங்கவே மூன்று விநாடிக்கு மேல் ஆனால் அந்த வாக்கியத்தை இரண்டாக உடை.

குரெரு, அகெரு (இரண்டுமே கொடுப்பதுதான்) குழப்பமும் இப்படித் தீரும். தொல்காப்பியம் தருதலையும் வருதலையும் தன்மை, முன்னிலைக்கு உரியவை என்கிறது. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு. இன்று நாம் தா, கொடு இரண்டையும் கலந்துவிட்டோம், ஜப்பானியர் கலக்கவில்லை. தோழி எனக்குத் தந்தால் குரெரு, நான் அவளுக்குக் கொடுத்தால் அகெரு. பிறர் உனக்குச் செய்த உதவியைச் சொல்லும்போது வினையோடு '-தெ குரெரு' சேர்க்காவிட்டால் நன்றியில்லாத பேச்சாகக் கேட்கும். ஆசிரியரின் பையை நீ தூக்கும்போது 'மொத்தெ அகெமஸு' (தூக்கித் தருகிறேன்) என்று சொல்லிவிடாதே, உபகாரம் செய்வதுபோல் ஆகிவிடும். அதையே பணிவாக 'ஒமொச்சி ஷிமஸு' என்று சொல்.

உச்சரிப்பில் தமிழ் உனக்குப் பாதி உதவும், பாதி காலை வாரும். குறில் நெடில் நமக்கு இயல்பு. ஒபஸன் அத்தை, ஒபாஸன் பாட்டி; ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள் திணறும் இடத்தில் நீ திணற மாட்டாய். வாக்கிய முடிவில் வரும் 'தெஸு', 'மஸு' இவற்றின் கடைசி உகரத்தைக் குற்றியலுகரத்தைவிடவும் குறுக்கு, ஏறக்குறைய விழுங்கிவிடலாம். சிக்கல் ஒற்றில்தான். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. செய்தித்தாளுக்கான 'ஷிம்புன்' நம் கணக்கில் மூன்று, அவர்கள் கணக்கில் நான்கு. ஷி, ம், பு, ன் என்று நான்கு சம தட்டாகக் கை தட்டிச் சொல். 'கித்தெ' (தபால்தலை) என்னும்போது நடுவில் ஒரு தட்டு முழுதும் மௌனம் இருக்க வேண்டும். அதை அரையாக்கினால் 'கிதெ' (வா) என்று காதில் விழும்.

இதைவிடப் பெரிய தொல்லை, இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ககரத்தையும் தகரத்தையும் நம் நாக்கு தானாக மெலிப்பது. சாவிக்கும் சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'. 'மீண்டும்', 'இன்னும்' இரண்டுமே 'மத'. (இந்தக் கடிதத்தில் எனக்கு வேறு வழியில்லை, உன் குறிப்பேட்டில் ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவைத் தவிர எதுவும் வேண்டாம்.) பழத்தைச் சொல்லும்போது 'பக்கம்' என்பதில் வரும் வல்லோசையை எடு, இரட்டிப்பை விடு.

மரியாதை விஷயத்தில் தமிழை அப்படியே கொண்டுபோகாதே. நாம் வெளியாரிடமும் "அப்பா சொன்னார்" என்போம். அங்கே வெளியாரிடம் பேசும்போது சொந்த வீட்டாரைத் தாழ்த்த வேண்டும்: 'ஒதோஸன்' வேண்டாம், 'சிச்சி'. வினையிலும் உயர்வு கூடாது. நாளை நீ வேலைக்குப் போனாலும் வாடிக்கையாளரிடம் உன் மேலாளர் பெயரோடு 'ஸன்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்கக் கூடாது. ஆசிரியரை 'அனத' (நீங்கள்) என்று அழைக்காதே, 'ஸென்ஸெ' (ஆசிரியர்) போதும். 'நொமிதை தெஸு க' (குடிக்க ஆசையா) என்று பெரியவர்களின் ஆசையை நேராகக் கேட்பதும் பண்பில்லை. வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'யொ' என்பதை நம் ஊர் 'லா' போல வாக்கியத்துக்கு வாக்கியம் போடுகிறார்கள் பிள்ளைகள். அது அதட்டலாகக் கேட்கும்.

கேட்கும்போது ம் கொட்டு. கதை கேட்கும் குழந்தை செய்வதையே பெரியவர்களும் அங்கே செய்கிறார்கள், வாக்கியம் முடியும்வரை காத்திருக்காமல் 'கெதொ' (ஆனால்), 'கர' (அதனால்) வரும் இடங்களிலேயே. ஆசிரியரிடம் 'ஹை', தோழியிடம் 'உன்'. அந்த 'ஹை' சம்மதமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான்.

ஜேஎல்பிடி (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்3 நிலைத் தேர்வைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாதே. 180க்கு 95, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 19 எடுத்தால் தேறலாம், ஆனால் அதில் பேச்சுப் பகுதியே கிடையாது.

பேச்சுக்கு நிழல்போல் பின்தொடரும் பயிற்சி செய். எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் ஒரு நிமிட ஒலித்துண்டு ஒன்று, வாரம் முழுக்க அது மட்டும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேள். பிறகு எழுத்தோடு கேட்டுத் தெரியாத சொற்களைக் குறி. ஐந்துக்கு மேல் இருந்தால் வேறு துண்டு எடு. அடுத்து முணுமுணுத்தபடி கூடவே போ. கடைசியில் எழுத்தை மூடிவிட்டு அரை விநாடி பின்னால் முழுக் குரலில் சொல், கைப்பேசியில் பதிந்து ஒப்பிடு. அனிமே வேண்டாம்: 'ஒரெ' (நான்), 'ஒமஎ' (நீ) போன்ற முரட்டுச் சொற்கள் எல்லாம் தேர்வறையில் வாயில் வந்துவிடும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஜப்பானிலிருந்து பரிமாற்ற மாணவர்கள் வந்திருந்தால், வாரம் அரை மணி நேரம் ஒருவரோடு உட்கார். பதினைந்து நிமிடம் ஜப்பானியம், பதினைந்து ஆங்கிலம், கைப்பேசியில் மணி வைத்துக்கொள். முதல் பாதி ஜப்பானியமாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் தொடங்கினால் மணி அடித்தாலும் பேச்சு மாறாது.

அன்புடன்,
அம்மா