சென்னைப் பேருந்துகள் அவிநாசி ஊருக்குள் வந்து செல்லக் கோரும் மனு (நான்காவது முறை)

அனுப்புநர்: அவிநாசி வட்டாரப் பயணிகள்
பெறுநர்: உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

அவிநாசி நிறுத்தம் உள்ள சென்னைப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே ஆளை இறக்கி ஏற்றுகின்றன. இதே பொருளில் ஏற்கெனவே மூன்று மனுக்கள் கொடுத்துள்ளோம். மூன்றுக்கும் ரசீது உண்டு, பதில் இல்லை. திருப்பூர் மாவட்டத்தில், சேலம்–கோவை நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அவிநாசி; ஊருக்குள் நுழையாமல் வெளியே செல்லும் சாலைதான் பைபாஸ்.

1. சென்னைக்கும் கோவைக்கும் சேலம் வழியாக ஏறக்குறைய 500 கி.மீ. 2023 டிசம்பர் இறுதியில் சென்னையை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் இவ்வழி வண்டிகள் பெரும்பாலும் அங்கிருந்தே புறப்படுகின்றன. பரனூர் முதல் விஜயமங்கலம் வரை வரிசையாகச் சுங்கச்சாவடிகள். இவற்றால் ஆகும் தாமதங்களைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை.

2. இரவு 8 மணிக்குக் கிளாம்பாக்கத்தில் எடுக்கும் வண்டி சேலம் தாண்டி அவிநாசிக்கு வரும்போது 3.30 அல்லது 4 மணி. பெயர்ப்பலகையில் அவிநாசி, டிக்கெட்டில் அவிநாசி, கட்டணமும் அவிநாசிக்கு. இறக்கிவிடுவதோ மங்கலம் சாலைப் பிரிவில், பைபாஸில்.

3. அந்த நேரத்தில் அங்கே ஆட்டோ கிடையாது, போதிய வெளிச்சம் கிடையாது, உட்கார ஒரு திண்ணைகூடக் கிடையாது. சென்னை மருத்துவமனையில் அறுவை முடித்து வருகிற நோயாளி, கைக்குழந்தையோடு வருகிற பெண், பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போகிற பெண்பிள்ளைகள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு கண்டெய்னர் லாரிகள் பறக்கும் சாலையோரம் நடந்து ஊருக்குள் வரவேண்டும். திருப்பூர் டவுன் பஸ் ஏறுவதும் பேருந்து நிலையத்தில்தான். 2020 பிப்ரவரி 20 அன்று இதே விடியற்காலை நேரத்தில், இதே சாலையில், அவிநாசி அருகே கண்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டிக் கேரளப் பேருந்தில் மோதிப் பலர் மாண்டதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சாலையோரத்திலா ஐயா, இருட்டில் ஆளை இறக்கிவிடுவது?

4. ஏறுவது இதைவிட மோசம். முன்பதிவில் ஏறுமிடம் அவிநாசி என்றிருக்கும். பேருந்து நிலையத்தில் காத்திருப்பவருக்குக் கடைசி நேரத்தில் போன் வரும், பைபாஸுக்கு வாங்க என்று. ஓடிப் போய் நின்றாலும் வேகத்தில் வருகிற ஓட்டுநர் கண்ணுக்குக் கை நீட்டுகிற ஆள் தெரிவதில்லை.

5. "ஊருக்குள் போனால் லேட் ஆகும், டீசல் கணக்கு இடிக்கும்" என்கிறார்கள் வண்டிக்காரர்கள். ஊருக்குள் வந்து திரும்பப் பத்து நிமிடம். மோட்டலில் அரை மணி நேரம் நிற்கிற வண்டிக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைக்காதா? ஊர்களுக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போகும் "பைபாஸ் ரைடர்" என்று எழுதிய வண்டியை நாங்கள் கேட்கவில்லை. அவிநாசி என்று எழுதிய வண்டியைத்தான் கேட்கிறோம். எத்தனை தடவைதான் எழுதுவது!

6. ஆகவே ஐயா, எங்கள் வேண்டுகோள்: அவிநாசி நிறுத்தம் உள்ள வண்டிகளின் பெர்மிட்டையும் நேர அட்டவணையையும் வரவழைத்துப் பாருங்கள். இரவிலும் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளரை வைத்து, உள்ளே வந்த நேரத்தை டிரிப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடச் செய்யுங்கள். அந்தப் பதிவு இல்லாத வண்டிக்கு விளக்கம் கேளுங்கள். பெர்மிட் நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 86 இருக்கிறது. ஒரே ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு மங்கலம் சாலைப் பிரிவில் வந்து நின்று பாருங்கள்.

வண்டிகளை ஊருக்குள் வரச் செய்யுங்கள் ஐயா. பத்து நிமிடம்தான்.

இப்படிக்கு,
அவிநாசி வட்டாரப் பயணிகள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள்