மணலில் இறங்கினால் லைட்டை அணையுங்கள்

ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) விடியலுக்கு முன்பே சைக்கிள் மிதிக்கும் நண்பர்களுக்கு,

ஞாயிறு காலை நாலு மணிக்குத் திருவான்மியூரில் கூடி, முட்டுக்காடு பாலத்தில் நின்று படம் எடுத்து, மாமல்லபுரத்தில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது எதிர்காற்றைத் திட்டிக்கொண்டே வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். கரைக்கு முட்டையிட வரும் கடல் ஆமைகளைப் பற்றிய இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான். தப்பு செய்தவன் நான்.

ஒரு பிப்ரவரி மாதம். கோவளம் தாண்டி நண்பரின் பின்சக்கரம் பஞ்சர். அவர் ட்யூப் மாற்றும் நேரத்தில் நான் சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு நடந்தேன். இருட்டில் வழி தெரிய, ஹேண்டில்பாரில் இருந்த 800 லூமன் லைட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். மணலில் ஏதோ சின்ன டிராக்டர் ஏறிப்போனது போலத் தடம். நடுவே வழவழப்பான இழுப்பு, இருபுறமும் துடுப்பு பதிந்த பள்ளங்கள். தடத்தின் முனையில் லைட்டை அடித்தேன். பங்குனி ஆமை. ஓட்டில் ஈரம் மினுங்கியது. கண் ஓரம் நீர் வழிந்தது. அழுகிறது என்று நினைத்தேன், ஆனால் அது உடம்பிலுள்ள அதிக உப்பை வெளியேற்றும் வழியாம், அப்புறம்தான் படித்தேன். இன்னும் குழி தோண்டவில்லை. சில நொடி அசையாமல் கிடந்தது. பிறகு மெல்லத் திரும்பி, வந்த வழியே கடலுக்கு இறங்கிவிட்டது.

பின்னால் ஒரு குரல். குப்பத்துப் பெரியவர், வலை பார்க்க வந்தவர். “லைட்ட அணைப்பா. பிள்ளை பெற வந்தவ மூஞ்சியில டார்ச் அடிப்பாங்களா?” என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரைக்கு இவை முட்டையிட வருகின்றன. ஒன்றரை அடி ஆழக் குழி, அதில் 100 முதல் 120 முட்டைகள். மூடியதும் உடம்பை இடமும் வலமும் ஆட்டி மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுப் போகும். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் இரவில் வெளிவந்து, எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். வானத்து ஒளியில் கடல்தான் வெளிச்சமாக இருக்கும் என்பது அவற்றின் பழைய கணக்கு. நம் லைட்டும் தெருவிளக்கும் அந்தக் கணக்கில் கிடையாது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்வதற்கு குழியைத் தோண்டும் நாய்களோடு இந்த வெளிச்சமும் காரணம்.

சாலையில் லைட் வேண்டும், அதில் சமரசமே இல்லை. ஈ.சி.ஆர் லாரிக்காரர்களுக்கு நாம் தெரிய வேண்டும். ஆனால் மணலில் கால் வைத்ததும் அணைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். ஆமையைக் கண்டால் பின்னால் தள்ளி உட்காருங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். குஞ்சுகளைக் கையில் தூக்கிக் கடலில் விட்டுப் புண்ணியம் தேடவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிர் இது, முட்டையை எடுத்தாலும் கலைத்தாலும் குற்றம்.

அப்புறம், மணலிலும் ஓடும் தடித்த ஃபேட் டயர் சைக்கிள் வாங்கியவர்களே, உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலை நனைக்காத மேல்மணலில் இந்த மூன்று மாதமும், குஞ்சு பொரிக்கும் மே வரையும் ஓட்டாதீர்கள். கீழே முட்டை இருக்கலாம். உங்கள் டயர் விட்டுப்போகும் வரி நமக்கு வெறும் கோடுதான். இரண்டு விரற்கடை நீளக் குஞ்சுக்கு அது ஏற முடியாத வாய்க்கால்.

செத்த ஆமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலையில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது என்று விதி இருக்கிறது. கடலில் நடப்பதை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஆளில்லாத அந்த நேரத்தில் அத்தனை கிலோமீட்டர் போவது நாம். ஓட்டிய தூரத்தை ஸ்ட்ராவா செயலியில் ஏற்றும் அக்கறையில் பாதி போதும். செத்த ஆமையைக் கண்டால் இடத்தைக் குறித்து, தொடாமல் ஒரு படம் எடுத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறும் சிக்னல் பக்கத்து டீக்கடையில் இருப்பேன். கரைக்கு இறங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்காக, லைட் மேல் ஒட்டச் சிவப்பு செலோபேன் தாள் வெட்டி வைத்திருக்கிறேன். ரப்பர் பேண்டை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

உங்களோடு மிதிக்கும் ஒருவன்